மல்லிகை மணந்த முள்நாறி

செம்பாக்கத்தில் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கே வண்டிகள் கேம்ப் ரோடு வரை நகராமல் நின்றால், ஏரி உடைந்துவிட்டதோ என்று பதற வேண்டாம். பழம் வந்துவிட்டது என்று பொருள்.

பழம் என்றால் கொய்யாவா, வாழையா? துரியன். தமிழில் இதற்கு முள்நாறி என்று ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரை வைத்தவருக்குப் பொய் சொல்லத் தெரியாது. மேலெல்லாம் முள், உள்ளே நாற்றம், அவ்வளவுதான் விஷயம். சிங்கப்பூரில் இதை ரயிலில் எடுத்துப்போகக் கூடாது என்று படம் போட்டு ஒட்டியிருக்கிறார்கள். நம் பக்கம் குன்னூர் மலைச்சரிவில் சில மரங்கள் காய்க்கின்றன. சீசன் வந்தால் பிள்ளையில்லாத தம்பதிகள் அங்கே போய்க் காத்திருப்பார்கள். சாப்பிட்டால் குழந்தை பிறக்குமாம். யார் சொன்னது என்று கேட்டால், அவருக்கு இவர் சொன்னார், இவருக்கு அவர் சொன்னார். மரம் எதுவும் சொல்லவில்லை.

மரம் சொல்லாததைச் சொல்ல ஒருவர் வந்தார். முள்நீக்கி அடிகளார்.

அவர் கொண்டுவந்த துரியனில் முள்ளே கிடையாது. மஞ்சள் காப்புப் பூசி, குங்குமம் வைத்து, மொட்டைத் தலை மாதிரி வழவழவென்று பித்தளைத் தட்டில் உட்கார்ந்திருக்கும். அடிகளார் மலையில் நாற்பத்தெட்டு நாள் ஒற்றைக்காலில் நின்றாராம். நாற்பத்தொன்பதாம் நாள் மரம் மனமிரங்கி, முள்ளை எல்லாம் உதிர்த்துவிட்டதாம். வேண்டிக்கொண்டவர் இவர், மொட்டை போட்டுக்கொண்டது மரம். இதை ஒருவர் கைப்பேசியில் படமெடுத்துப் போட்டார். பதினோரு லட்சம் பேர் பார்த்தார்கள். அதில் பாதிப் பேர் எங்கள் தெருவில்தான் வண்டியை நிறுத்தினார்கள்.

டைல்ஸ் கடைக்கு மேலே இருக்கும் மினி ஹாலில் தரிசனம். நாவலூரிலிருந்து கழுத்தில் அடையாள அட்டையோடு வந்தவர்கள், வண்டலூரிலிருந்து ஹாட்பேக்கில் இட்லியோடு வந்தவர்கள், தாம்பரத்திலிருந்து மாமியார் பிடித்துத் தள்ள வந்தவர்கள் என்று மூன்று வரிசை. மாடிப்படியில் பூ விற்ற அம்மாவுக்கு மட்டும் போணியே ஆகவில்லை. மேலே மல்லிகை சும்மாவே மணக்கும்போது கீழே யார் முழம் போட்டு வாங்குவார்கள்?

அதுதான் அடிகளாரின் பெரிய அற்புதம். முள்ளில்லாத முள்நாறி மல்லிகையாக மணக்கும். ஆனால் எல்லோருக்கும் அல்ல. மனத்திலும் உடம்பிலும் குறையில்லாதவர்களுக்கு மட்டும் மணக்கும். குறையுள்ளவர்களுக்கு நாறும்.

வாசலில் மைக்கோடு சக்திவேல் என்று ஒருவர் நிற்பார். அடிகளாரின் வலது கை. உள்ளே நுழைகிறவர்களிடம் மைக்கை நீட்டி, "இன்னா வாசம் வருது சார்?" என்று கேட்பார். ஹாலுக்குள் முந்நூறு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். இப்போது நீங்கள் என்ன சொல்வீர்கள்?

நானும் போனேன். வேடிக்கை பார்க்கத்தான். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது, பகுத்தறிவுக் கூட்டங்களில் முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டியவன். படியேறும்போதே, பத்து நாள் பூட்டிய வீட்டில் வெங்காயம் அழுகிய நாற்றம் குப்பென்று அடித்தது. கண்ணில் நீர் வந்தது. மைக் என் வாய்க்கு நேரே வந்தது.

"மல்லிகை," என்றேன்.

பக்கத்தில் நின்றவர் பக்தியோடு என்னைப் பார்த்தார். அவர் கண்ணிலும் நீர்.

எங்கள் குடியிருப்பில் எனக்குக் கீழ் வீட்டில் இருப்பவள் வெண்ணிலா. நாவலூரில் ஒரு கம்பெனியில் மென்பொருளைச் சோதிக்கிற வேலை. ஒரு பட்டனை நூறு விதமாக அழுத்தி, எங்கே உடைகிறது என்று கண்டுபிடித்துச் சொல்வதற்குச் சம்பளம். கணவன் தனசேகர். நல்லவன்தான், யாரும் எதுவும் கேட்காத வரைக்கும். கல்யாணமாகி ஏழு வருடம். குழந்தை இல்லை. வெண்ணிலாவுக்கு எடுக்காத ஸ்கேன் இல்லை, கொடுக்காத ரத்தம் இல்லை. எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, டாக்டர் தனசேகருக்கு ஒரே ஒரு சோதனை எழுதிக் கொடுத்தார். கேம்ப் ரோடு லேபில் ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பா கொடுப்பார்கள், பத்து நிமிட வேலை. அந்தச் சீட்டு இரண்டு வருடமாக அவன் பைக் ஆர்.சி. புத்தகத்துக்குள் மடித்தபடியே இருக்கிறது. கேட்டால், லேப் வாசலில் பார்க்கிங் இல்லை என்பான்.

"எம் புள்ளைக்கு எதுக்கு டெஸ்ட்? எங்க வம்சத்துல அப்படி யாரும் இல்ல," என்பார் மாமியார். சோதனை அங்கேயே முடிந்துவிடும்.

அந்த மாமியார்தான் இருவரையும் அடிகளாரிடம் கூட்டிப்போனார். மைக் வெண்ணிலாவிடம் வந்தது. அவளுக்குத் தொழில் புத்தி. கண்டதைக் கண்டபடி சொல்லித்தான் பழக்கம்.

"அழுகின வெங்காயமும் கேஸ் சிலிண்டரும் சேர்ந்த மாதிரி ஒரு நாத்தம் வருது."

ஹால் மூச்சை இழுத்துப் பிடித்தது. உண்மையில் எல்லோரும் ஏற்கெனவே மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தார்கள். தனசேகரிடம் யாரும் கேட்கவே இல்லை. மனைவியோடு வந்த ஆண்களின் மூக்குக்கு அந்த ஹாலில் வேலை கிடையாது.

அடிகளார் கண்ணைத் திறந்தார். அவருக்கு ஒரு தனிக் குரல். மகளே என்பது பகளே என்று வரும். மல்லிகை பல்லிகை ஆகும். மூலாதாரத்திலிருந்து நேராகக் கிளம்பி வருகிற குரல் அப்படித்தான் இருக்கும் என்று சக்திவேல் விளக்கம் சொல்லியிருந்தார்.

"பகளே, குறை உன்னிடப். ஒன்பது ஞாயிறு வா. ஒன்பதாப் வாரப் பழப் உன் வீட்டுக்கு வருப். ஞாயிறு அதை இங்கே கொண்டு வா. பல்லிகை பணந்தால் குறை தீர்ந்தது. பணக்காவிட்டால் வயலை பாற்று. விதையில் பழுதில்லை."

வயல் என்று அவர் சொன்னது வெண்ணிலாவை. மாமியார் உடனே கன்னத்தில் போட்டுக்கொண்டார். மாற்று வயல் வண்டலூரில் தயாராக இருந்தது. அவருடைய தம்பி மகள், பி.காம். ஜாதகம்கூடக் கைப்பையில் இருந்தது.

ஆக, ஒன்பதாவது ஞாயிறு வெண்ணிலா அந்த வீட்டில் இருப்பாளா, பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்புவாளா என்பதை ஒரு பழம் சொல்லப் போகிறது. தனசேகர் என்ன சொன்னான் என்கிறீர்களா? "அம்மா மனசு கஷ்டப்படக் கூடாது வெண்ணி, ஒம்போது வாரம்தானே," என்றான். எனக்கு அவனை மாடியிலிருந்து ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி எழுப்பத் தோன்றியது. ஆனால் மல்லிகை என்று சொன்னவன் நான். எந்த முகத்தோடு ஊற்றுவது?

எட்டு ஞாயிறு ஓடியது. ஒவ்வொரு ஞாயிறும் மைக் வந்தது. ஒவ்வொரு ஞாயிறும் வெண்ணிலா நாறுகிறது என்றாள்.

ஒன்பதாம் வாரம், வெள்ளிக்கிழமை மாலையே பழம் வீட்டுக்கு வந்துவிட்டது. மூங்கில் கூடை, மேலே பட்டுத் துணி, சுற்றி மஞ்சள் கயிறு, முடிச்சில் சந்தனம். திறந்தால் கண் போய்விடும் என்று எச்சரிக்கை. மாமியார் அதைப் பூஜை அறையில் வைத்துவிட்டு, சனிக்கிழமை விடிந்ததும் வண்டலூருக்குக் கிளம்பினார். பெண் வீட்டுக்காரர்களைத் தயாராக இருக்கச் சொல்ல வேண்டுமே.

சனிக்கிழமை காலை கோவளத்திலிருந்து ரேணுகாம்பாள் வருவார். ஐம்பது வயசு, மீன்காரர். தலையில் அலுமினியக் கூடை, இடுப்பில் கருவாட்டுப் பை. நான் கேட்டுக்கு வெளியே சங்கரா மீனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெண்ணிலா வந்து நின்றாள். ரேணுகாம்பாள் தலையைத் தூக்கி ஒருமுறை முகர்ந்தார்.

"இன்னா கண்ணு, ஒங்க வூட்ல கேஸ் லீக் ஆவுதா?"

"இல்லக்கா. சாமி பழம்."

வெண்ணிலா எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லும்போது அடிகளார் மாதிரியே பேசிக் காட்டினாள். "பகளே, குறை உன்னிடப்." சிரிக்கத்தான் ஆரம்பித்தாள், பாதியில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ரேணுகாம்பாள் மீன் வெட்டுகிற கத்தியைக் கீழே வைத்தார்.

"இரு இரு. அந்தாளு இப்டியா பேசறாரு? எங்க அக்கா பையனுக்கு சளி புட்ச்சா இதே மாரிதான். அம்மான்னு கூப்டுவான், அப்பான்னு கேக்கும்."

"ஒம்போது வாரமாவாக்கா ஒருத்தருக்குச் சளி இருக்கும்?"

"சளி இல்ல கண்ணு. மூக்குல எத்தையோ அடச்சிகினு கீறாரு. நாள் பூரா அந்த நாத்தத்துலயே குந்திகினு இருக்கணும்னா வேற இன்னா பண்ணுவாரு பாவம்?"

வெண்ணிலாவின் முகம் மாறியது. நாவலூரில் இந்த முகத்தைப் பார்த்தால் மென்பொருள் எழுதியவர்கள் காப்பி குடிக்கப் போய்விடுவார்களாம்.

"அப்ப அவருக்கு எந்த வாசனையும் தெரியாது," என்றாள்.

"இன்னாத்த வச்சாலும் தெரியாது," என்றார் ரேணுகாம்பாள்.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கருவாட்டுப் பையைப் பார்த்தார்கள்.

மேலே போனோம். தனசேகர் பைக் கழுவப் போயிருந்தான். கண்ணெதிரே ஏதாவது நடந்துவிடுமோ என்று பயம் வந்தால் அவன் பைக் கழுவுவான். வெண்ணிலா கத்தரிக்கோலை எடுத்தாள். ஒரு கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள்.

"எதுக்கும்மா ஒரு கண்ணு?" என்றேன்.

"பேக்கப் சார்."

கயிறு அறுந்தது. கண் போகவில்லை. மூடிய கண்ணையும் திறந்து, இரண்டாலும் பார்த்தாள். பழத்தைத் தூக்கிக் குழாயடியில் பிடித்தாள். மஞ்சள் கரைந்து ஓடியது. அடியில் வழவழப்பு எதுவும் இல்லை. தோல் முழுக்கச் சின்னச் சின்னப் பழுப்பு வட்டங்கள், ஒவ்வொன்றும் கத்தி பட்ட காயம்.

கேம்ப் ரோட்டில் சௌகத் அலி பாய் பழக்கடை வைத்திருக்கிறார். அதற்கு முன் பினாங்கில் பதினோரு வருடம் பழ மண்டியில் வேலை. அவரிடம் கொண்டுபோய்ப் பையிலிருந்து பழத்தை எடுத்ததுமே அவர் முகம் மலர்ந்துபோனது. இத்தனை வாரத்தில் அந்த நாற்றத்துக்குச் சிரித்த ஒரே மனிதர் அவர்தான்.

"இத எங்கம்மா புடிச்சே? இன்னா வாசனை பாரு."

"பாய், இதுல முள்ளு உதிர்ந்துபோச்சுன்னு சொல்றாங்க."

சௌகத் அலி விரலால் அந்த வட்டங்களைத் தடவினார்.

"உதிரல. சவரம் பண்ணியிருக்காங்க. நேத்து ஷேவ் பண்ண மூஞ்சி மாதிரி சொரசொரன்னு கீது பாரு. முள்ளில்லாத துரியன் நெசமாவே உண்டும்மா. பிலிப்பைன்ஸ் பக்கம் அப்படி ஒரு வகை கீது, மலேசியாலயும் பாத்துருக்கேன். பொறக்கும்போதே மொட்டை. அதுக்குத் தோல் வேற மாதிரி, பொடிப்பொடியா மேடு இருக்கும். சில பேரு பிஞ்சுலயே செதிலைச் சொரண்டி விட்ருவாங்க, அப்பவும் முள்ளு வளராது. இது ரெண்டும் இல்ல. இது பழுத்தப்புறம் கத்தி வச்சது. நல்லா பழம் சீவத் தெரிஞ்ச கை."

"அப்ப நாத்தம்?"

"அது அப்படித்தான். முள்ளு இருந்தாலும் அடிக்கும், இல்லாட்டியும் அடிக்கும். பாவம் பண்ணவனுக்கும் அடிக்கும், ஹஜ்ஜு போய் வந்தவனுக்கும் அடிக்கும். மூக்கு இருந்தா போதும்."

"சாப்பிட்டா குழந்தை பொறக்குமா பாய்?"

"பினாங்குல இத திங்காத ஆளே இல்ல. அங்கயும் புள்ளையில்லாதவங்க கீறாங்க. அவங்க டாக்டர் கிட்ட போறாங்க."

சொல்லிவிட்டு அவர் அதைப் பிளந்தார். உள்ளே வெண்ணெய் நிறத்தில் சுளை. வெண்ணிலா ஒரு விரலால் எடுத்து நக்கினாள். கண்ணை மூடினாள். இன்னொரு சுளை எடுத்தாள். நானும் எடுத்தேன். இனிப்பு, வெங்காயம், பாதாம், பால்கோவா எல்லாம் ஒரே வாயில் அடித்துப் பிடித்துக்கொண்டு வந்தன. வழியில் போன ஆட்டோக்காரர் ஒருவர் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இன்னா பாய், டிச்சு உடைஞ்சிக்கிச்சா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

"நாறுது பாய்," என்றாள் வெண்ணிலா வாய் நிறைய. "ஆனா சூப்பரா இருக்கு."

ஒன்பது வாரத்தில் அவள் வயிறாரச் சிரித்தது அப்போதுதான். நாறுவதை நாறுகிறது என்று சொல்லிக்கொண்டே தின்றால் எத்தனை ருசி என்று எனக்கும் அன்றுதான் தெரிந்தது.

மத்தியானத்துக்குள் கூடை பழையபடி தயாராகிவிட்டது. அடியில் எடைக்கு இரண்டு தேங்காய். மேலே ரேணுகாம்பாளின் சுறாக் கருவாடும் வாளைக் கருவாடும். அதற்கு மேல் பட்டுத் துணி, புது மஞ்சள் கயிறு, சந்தனம்.

மாமியார் சாயங்காலம் வந்தார். பூஜை அறைக் கதவைத் திறந்தார். ஒரு கணம் அப்படியே நின்றார். பிறகு நிதானமாக விளக்கை ஏற்றிவிட்டு, முந்தானையை மூக்கின் மேல் லேசாக இழுத்துக்கொண்டு வெளியே வந்து, "வீடே மல்லிகையா மணக்குது," என்றார். தனசேகர் ஜன்னலை எல்லாம் திறந்துவிட்டு, காற்று வரட்டும் என்றான். இப்படித்தான் ஒரு குடும்பம் சுறாக் கருவாட்டுக்குச் சாம்பிராணி போட்டது.

ஞாயிறு காலை ஆட்டோ. கூடை மாமியார் மடியில். நான் முன்னால் டிரைவர் பக்கத்தில் ஒட்டிக்கொண்டேன். டிரைவர் ஒரு முறை திரும்பினார்.

"கருவாடாம்மா?"

"மல்லிகைப்பா," என்றார் மாமியார்.

டிரைவர் வீட்டுக்குப் போய் மூக்கு டாக்டரைப் பார்த்திருப்பார் என்று நினைக்கிறேன்.

ஹால் வழிந்தது. ஒன்பதாம் வாரத் தீர்ப்பு என்றால் தனி மவுசு. கடைசி வரிசையில் ரேணுகாம்பாள் உட்கார்ந்திருந்தார். தலையில் மல்லிகைப்பூ. படியிலிருந்த அம்மாவுக்கு அவர்தான் முதல் போணி. வண்டலூர்ப் பெண் வீட்டார் இரண்டாம் வரிசையில் பட்டுப்புடவையோடு இருந்தார்கள். மேடையில் அடிகளார், அவருக்குப் பின்னால் காவித் திரை. கூடையை முன்னால் வைத்தார்கள். சக்திவேல் மைக்கை வெண்ணிலாவிடம் நீட்டினார். அவருக்கும் அவள் பதில் மனப்பாடம். கூட்டமே நாறுது என்று கேட்கத் தயாராக இருந்தது.

"மல்லிகை வாசம் வருது சாமி," என்றாள் வெண்ணிலா.

ஹால் ஆரவாரித்தது. மாமியாரின் வாய் திறந்தபடி நின்றது. கைப்பையில் ஜாதகம் கனத்திருக்கும். அடிகளாருக்கு மட்டும் ஒரே சந்தோஷம். ஒன்பது வாரம் எதிர்த்தவள் பணிந்துவிட்டாள், இதைவிட நல்ல விளம்பரம் எங்கே கிடைக்கும்? எழுந்தார். கூடையின் மேல் குனிந்தார். தோள் ஏறியது, நெஞ்சு விரிந்தது, கண் சொருகியது.

"ஆகா. பல்லிகை. பதுரை பல்லிகை."

கூடை வரிசை வரிசையாகப் போனது. முகர்ந்தவர்கள் எல்லோரும் ஒரு கணம் பின்னால் சாய்ந்தார்கள். பிறகு எல்லோரும் சொன்னார்கள்: மல்லிகை. வண்டலூர்க்காரர்களும் சொன்னார்கள். ஒரு குழந்தை மட்டும் கருவாடு என்றது. அதன் அம்மா வாயைப் பொத்தினாள். கூடை மாமியாரிடம் வந்தது. அவர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, "மல்லிகைதான் சாமி," என்றார்.

"அப்ப திறந்துடலாமா?" என்றாள் வெண்ணிலா. யாரும் பதில் சொல்வதற்குள் கயிறு அறுந்தது, பட்டு விலகியது, ஒன்றரை முழ வாளைக் கருவாடு அவள் கையில் தொங்கியது.

முந்நூறு பேரும் ஒரே நேரத்தில் மூக்கைப் பொத்தினார்கள்.

"என் கருவாடுப்பா அது," என்றது கடைசி வரிசை. "நேத்து நான்தான் குட்த்தேன்."

அடிகளார் லேசுப்பட்டவரா? இரண்டு கையையும் தூக்கினார். "பார்த்தீர்களா? இவள் செய்த பாவப், பழபே கருவாடாக பாறிவிட்டது."

சத்தியமாகச் சொல்கிறேன், முன்வரிசையில் நாலு பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஒருவர் கருவாட்டுக்குச் சூடம் காட்டலாமா என்று கேட்டார். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

வெண்ணிலா அசையவில்லை. அவளுக்கு இதெல்லாம் அலுவலகத்தில் பழக்கம். பிழையைக் காட்டினால், அது பிழையே அல்ல, புது வசதி என்பார்களாம்.

"சரி சாமி, பழம் கருவாடா மாறிடுச்சு. கருவாடு ஏன் உங்களுக்கு மல்லிகையா மணந்துச்சு?"

அடிகளார் வாயைத் திறந்தார். வாயால் மட்டும் மூச்சு விட்டார்.

"ஒண்ணே ஒண்ணு பண்ணுங்க, உங்க காலைத் தொட்டு மன்னிப்புக் கேட்டுடறேன்." கைப்பையிலிருந்து ஒரு டிஷ்யூ தாளை எடுத்து நீட்டினாள். "எல்லார் முன்னாடியும் ஒரு தடவை மூக்கைச் சிந்திக் காட்டுங்க."

"சித்தர்கள் பூக்கு சிந்துவதில்லை," என்றார் அடிகளார்.

"சிந்து சாமி," என்றார் ரேணுகாம்பாள் கடைசி வரிசையிலிருந்து, மிக அன்போடு. "இன்னா இப்போ? சொம்மா சிந்து."

முதலில் அந்தக் குழந்தை ஆரம்பித்தது. சிந்து, சிந்து என்று கைதட்டியது. அப்புறம் நாவலூர் வரிசை. அப்புறம் ஹாட்பேக் வரிசை. ஹாட்பேக் மூடியைத் தட்டித் தாளம் போட்டார்கள். நானும் நாற்காலி மேல் ஏறி நின்று கத்தினேன். ஹாலே குலுங்கியது. சக்திவேல் மைக்கைக் கீழே வைத்துவிட்டுப் பின்படி வழியாக நழுவினார். போகிற போக்கில் உண்டியலை மறக்கவில்லை.

அடிகளாருக்கு வேறு வழியில்லை. டிஷ்யூவை மூக்கில் வைத்தார். லேசாக நடித்தார்.

"நல்லா," என்றார் ரேணுகாம்பாள்.

நன்றாகச் சிந்தினார். இடது பக்கத்திலிருந்து ஒரு பஞ்சுருண்டை வந்தது. வலது பக்கத்திலிருந்து இன்னொன்று. இரண்டும் மல்லிகை அத்தரில் ஊறிப் பச்சையாக இருந்தன. அந்த ஹாலில் மெய்யாகவே மல்லிகை மணத்தவை அவை இரண்டும் ரேணுகாம்பாள் தலைப்பூவும்தான்.

ஒன்பது வாரத்தில் முதல் தடவையாக அடிகளார் மூக்கு வழியே மூச்சை இழுத்தார். முன்னால் கருவாடு. பின்னால், திரைக்கு அந்தப் பக்கம், இரண்டு டஜன் துரியன். கண் பிதுங்கியது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் தள்ளாடியவர், பிடிமானத்துக்குத் திரையைப் பற்றினார். திரை அவரோடு விழுந்தது. அந்தப் பக்கம் முள்ளோடு பாதிப் பழங்கள், சீவியது பாதி, தரையெல்லாம் முள் செதில், ஒரு பிளாஸ்டிக் வாளியில் மஞ்சள் தூள், பழம் சீவும் கத்தி.

"இன்னா நாத்தம்டா சாமி இது," என்று அலறினார் அடிகளார். எழுத்து எழுத்தாகச் சுத்தமான உச்சரிப்பு.

வண்டலூர் வரிசையில் ஒருவர் எழுந்து உற்றுப் பார்த்தார். "டேய், இவன் நம்ம ரங்கன்டா. ஜூ வாசலாண்ட கிர்ணிப்பழ ஜூஸ் போட்டுகினு இருந்தானே."

ரங்கன் கையெடுத்துக் கும்பிட்டான். "மன்னிச்சிடுங்கம்மா," என்றான் வெண்ணிலாவைப் பார்த்து. அவன் வாயில் 'ம' வருவதை ஊர் அப்போதுதான் கேட்டது.

போலீஸ் வந்தது, கூட்டிப்போனது. ஜீப்பில் ஏற்றும்போது காவலர்கள் நான்கு கதவையும் திறந்துவைத்தே ஓட்டிப்போனார்கள்.

வெண்ணிலா இன்னும் மேடையில்தான் நின்றாள். கையில் மைக். சக்திவேல் விட்டுப்போனது. நேரே மாமியாரிடம் வந்து நீட்டினாள். கோபமாக அல்ல, ரொம்ப மரியாதையாக.

"அத்தை, உங்களுக்கு இன்னிக்கு என்ன வாசம் வருது?"

மாமியார் சுற்றிலும் பார்த்தார். வண்டலூர்க்காரர்கள் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

"கருவாடு," என்றார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "நேத்துலேந்து," என்றார்.

மைக் தனசேகரிடம் போனது. ஒன்பது வாரத்தில் அவனிடம் அது போனது இதுதான் முதல் தடவை.

"உங்களுக்கு?"

அவன் மைக்கை வாங்கிக்கொண்டான். பிறகு சட்டைப் பையிலிருந்து ஆர்.சி. புத்தகத்தை எடுத்தான். உள்ளே மடித்த சீட்டு, மடிப்பில் கிழிந்திருந்தது.

"லேப் ஞாயித்துக்கிழமை தொறந்திருக்குமா?" என்று கேட்டான். மைக்கில் கேட்டதால் முந்நூறு பேருக்கும் கேட்டது.

"பன்னெண்டு வரைக்கும் கீதுப்பா," என்றார் ரேணுகாம்பாள். "பார்க்கிங்கும் கீது. நான் கூடையே அங்கதான் எறக்குவேன்."

போனார்கள், இரண்டு பேரும், நடந்தே. அந்தச் சோதனையில் என்ன வந்தது என்று என்னைக் கேட்காதீர்கள். அது அவர்கள் வீட்டு விஷயம். குறை யாரிடம் என்று பழத்தைக் கேட்காமல் லேபைக் கேட்டார்கள், எனக்கு அது போதும். வெண்ணிலா அந்த வீட்டில்தான் இருக்கிறாள். மாமியார் வாரம் ஒருமுறை அவளுக்குச் சுறாப் புட்டு செய்து தருகிறார்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது பக்கத்துத் தெருவில் வேறொரு கூட்டம் கூடியிருக்கிறது. இந்த முறை ஏதோ கண் திறக்கிற பூசணிக்காயாம். போகிறவர்கள் போகலாம். போவதற்கு முன் ஒன்றை மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள். ரங்கன் பஞ்சு வைத்திருந்தது அவன் மூக்கில் மட்டும்தான். எங்கள் மூக்கில் யாரும் எதையும் வைக்கவில்லை. இருந்தும் என்னையும் சேர்த்து முந்நூறு பேருக்கு மல்லிகை மணத்தது.